சம்பளத்துக்குத் தெற்கு, சுகத்துக்கு வடக்கா?

இங்கிலாந்துக்கு வேலைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் ஓர் அறிவுரை அவர் காதில் விழாமல் போகாது. சம்பாதிக்க வேண்டுமானால் தெற்கு, வாழ வேண்டுமானால் வடக்கு. இளமையில் லண்டனிலோ லண்டனுக்கு ரயில் ஓடும் ஊர்களிலோ பத்து வருடம் உழைத்துக் காசு சேர்க்க வேண்டும். பிள்ளைகள் வளரும்போது லீட்ஸ் பக்கமோ நியூகாசில் பக்கமோ போய், தோட்டத்தோடு ஒரு வீடு வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டும். ஆங்கிலேயர்களும் இதைச் சொல்கிறார்கள், அங்கே குடியேறிய நம்மவர்களும் சொல்கிறார்கள். இந்த அறிவுரையைக் கேட்டு நடந்தால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு பக்கமும் நஷ்டம் என்பதே என் வாதம்.

முதலில் அந்தக் கட்சியின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். 2024இல் லண்டனில் முழுநேர ஊழியரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் சுமார் 47,000 பவுண்டு. இங்கிலாந்தின் வடகிழக்கில் சுமார் 33,000. வீடு என்று வந்தால் நிலைமை தலைகீழ். லண்டனில் ஒரு சராசரி வீட்டின் விலை ஐந்து லட்சம் பவுண்டைத் தாண்டும், வடகிழக்கில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆண்டுச் சம்பளத்தைப் போல ஏறக்குறைய பதினொரு மடங்கு கொடுத்தால் லண்டனில் வீடு, ஐந்து மடங்கு கொடுத்தால் வடகிழக்கில் வீடு. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவருக்கும், அங்கே சம்பாதித்து இங்கே செலவழிக்கலாமே என்றுதான் தோன்றும். எண்களில் பிழை இல்லை. அவற்றை ஒரு மனிதரின் வாழ்க்கைக்குப் பொருத்துகிற இடத்தில்தான் கணக்கு உதைக்கிறது.

1. தெற்கில் சம்பளம் அதிகம் என்கிறீர்களே, யாருக்கு?

அந்த 47,000 பவுண்டுக்குள் கேனரி வார்ஃப் வங்கிக்காரரும் 'சிட்டி' என்கிற நிதி வட்டாரத்தின் வழக்கறிஞரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிறவர்களில் பலர் மருத்துவமனை வேலைக்குப் போகிறார்கள். அங்கே சம்பளத்தை முடிவு செய்வது ஊர்ச் சந்தை கிடையாது, இங்கிலாந்து முழுவதற்கும் பொதுவான ஒரே அட்டவணை. என்.எச்.எஸ். என்கிற பொது மருத்துவச் சேவையில் செவிலியர் ஒருவர் 'பேண்ட் 5' என்ற சம்பளப் படிநிலையில் சேரும்போது 2025 ஏப்ரல் கணக்குப்படி ஆண்டுக்கு 31,049 பவுண்டு. சண்டர்லாந்திலும் அதுதான், ஷெஃபீல்டிலும் அதுதான். உள் லண்டனில் இதன் மேல் இருபது சதவீதம் படி உண்டு. அந்தப் படியைப் பிரித்துப் பார்ப்போம். ஆண்டுக்கு 6,210 பவுண்டு. வருமான வரி இருபது சதவீதமும் தேசியக் காப்பீடு எட்டு சதவீதமும் போனால் மாதம் 370 பவுண்டுக்குச் சற்று மேல் மிஞ்சும். ஓய்வூதியப் பிடித்தம் போனால் அதுவும் குறையும். இப்போது வாடகை. 2025இல் லண்டனின் சராசரி மாத வாடகை 2,200 பவுண்டுக்கு மேல், வடகிழக்கில் 750க்குள். இடைவெளி ஏறக்குறைய 1,500 பவுண்டு. மூன்று பேர் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்து அந்த இடைவெளியை மூன்றாகப் பங்கு போட்டாலும் தலைக்கு 500. கைக்கு வந்த படி முழுவதும் வீட்டுக்காரருக்குப் போய், மேற்கொண்டு மாதம் 130 பவுண்டு சொந்தப் பையிலிருந்தும் போகிறது. தெற்கே போய் 'சம்பாதித்த' லட்சணம் இது.

மருத்துவர்கள் கதை இன்னும் மோசம். அவர்களுக்கு லண்டன் படி ஆண்டுக்கு 2,162 பவுண்டு. வருடக்கணக்கில் அந்த எண் அசையவில்லை, வாடகை மட்டும் அசைந்துகொண்டே இருக்கிறது. பள்ளி ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் தேவலை: 2024-25இல் உள் லண்டனில் தொடக்கச் சம்பளம் 38,766, லண்டன் வட்டாரத்துக்கு வெளியே 31,650. வித்தியாசம் ஏழாயிரம் என்றாலும், வரி போக மாதம் நானூற்றுச் சொச்சம்தான் தேறும். கிடங்கிலும் பராமரிப்பு இல்லத்திலும் குறைந்தபட்சக் கூலிக்கு உழைப்பவருக்கு அதுகூட இல்லை. 2025 ஏப்ரல் கணக்குப்படி 21 வயது நிரம்பிய எவருக்கும் மணிக்கு 12.21 பவுண்டு, எந்த ஊரானாலும் சட்டம் ஒன்றே.

'தெற்கு' என்ற பெயரில் லண்டனுக்கு வெளியே போகிறவர் நிலைமை இதைவிடப் பரிதாபம். பிரைட்டனில் வேலை பார்க்கும் செவிலியருக்கு லண்டன் படி ஒரு பென்னியும் கிடையாது. அந்த ஊர் வாடகையோ லண்டனைத் துரத்திக்கொண்டிருக்கிறது. அறிவுரையின் முதல் பாதி பொதுச் சம்பள அட்டவணையில் இருக்கிற அத்தனை பேருக்கும் பொய்.

2. வடக்கு மலிவு என்றால், எது மலிவு?

வீடு மலிவு. அதில் சந்தேகமில்லை. வீட்டை விட்டு வெளியே வந்தால் மலிவு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். டெஸ்கோவில் அரிசிக்கும் பாலுக்கும் ஊருக்கு ஊர் விலை மாறிவிடுவதில்லை. கைப்பேசிக் கட்டணம் ஒன்று, விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணம் ஒன்று. அந்தக் கட்டணம் பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு.

வீட்டோடு சேர்ந்து வரும் கவுன்சில் வரி, ஒரே தரத்து வீட்டுக்கு, லண்டனைவிட வடக்கின் பல ஊர்களில் அதிகம். 1991இன் வீட்டு மதிப்பை வைத்து 'ஏ' முதல் 'எச்' வரை எட்டுப் பட்டைகளாகப் பிரித்து வசூலிக்கும் வரி இது. 2024-25இல் வெஸ்ட்மின்ஸ்டரில் 'டி' பட்டை வீட்டுக்கு ஆயிரம் பவுண்டுக்குள்தான். வடகிழக்கின் ஹார்ட்லிபூலில் அதே பட்டைக்கு 2,300க்கு மேல். அங்கே ஆகக் கீழான 'ஏ' பட்டையில் இருக்கிறவரே ஆயிரத்து ஐநூறுக்கு மேல் கட்டுகிறார். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் பல மடங்கு விலையுள்ள வீட்டில் இருப்பவர் கட்டுவதைவிட, பழைய துறைமுக ஊரின் சின்ன வரிசை வீட்டுக்காரர் அதிகம் கட்டுகிறார்.

அடுத்தது கார். லண்டன் குடும்பங்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கார் வைத்திருக்கவில்லை. தேவைப்படவில்லை. 2025இல் பேருந்துக் கட்டணம் 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் அவ்வளவுதான். லீட்ஸுக்கு வாருங்கள். மேற்கு ஐரோப்பாவில் டிராமோ மெட்ரோவோ இல்லாத மிகப் பெரிய நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் அது. கணவன் ஒரு மூலையிலும் மனைவி இன்னொரு மூலையிலும் வேலை பார்த்தால் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நிற்க வேண்டும். இரண்டுக்கும் காப்பீடு, வரி, பெட்ரோல். வீட்டில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அங்கே போகிறது. மான்செஸ்டர் இதற்கு விலக்கு. 1992இலிருந்து டிராம் ஓடுகிறது, 2023 செப்டம்பர் முதல் பேருந்துகளைப் பொதுக் கட்டுப்பாட்டில் எடுத்து, 2025 ஜனவரியில் முழு நகர வட்டாரத்துக்கும் முடித்துவிட்டார்கள். ஆனால் மான்செஸ்டரைச் சுட்டிக்காட்டுகிறவர் வடக்கைப் பற்றிப் பேசவில்லை, ஒரு நகரத்தைப் பற்றிப் பேசுகிறார்.

வாழ்க்கை என்பதில் மனிதர்களும் உண்டு. ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் இருக்கிற தமிழ்க் குடும்பத்துக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும், ஹைகேட் முருகனும், ஈலிங் அம்மன் தேரும், கறிவேப்பிலை விற்கிற கடையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இவர்களிடம் போய் "வாழ வேண்டுமானால் டர்ஹம் போங்கள்" என்று சொல்கிறவர், தோட்டத்தின் சதுர அடியைத்தான் வாழ்க்கை என்கிறார்.

3. ஒரு சம்பளத்தை வைத்து ஏன் கணக்குப் போடுகிறீர்கள்?

குடும்பத்தில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறார்கள். ஒருவர் என்.எச்.எஸ். செவிலியர் என்றால் வடக்கில் அவருக்கு எந்த ஊரிலும் இடம் உண்டு. அவருடைய கணவர் காப்பீட்டு நிறுவனத்தில் கணிப்பாளராகவோ மென்பொருள் கட்டமைப்பாளராகவோ இருந்தால்? லண்டனில் அவருக்கு நூறு வாசல், ஹல் நகரில் இரண்டோ மூன்றோ. மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் நடுவே அறுபது கிலோமீட்டர் வாக்கில்தான் தூரம். ஆனால் இடையில் பென்னைன் மலைத்தொடர், அதன் மேல் தாமதத்துக்குப் பேர்போன ரயில் பாதை. இரண்டு நகரங்களும் ஒரே வேலைச் சந்தையாக ஆகியிருக்க வேண்டியவை, இன்னும் ஆகவில்லை.

வேலை போனால் என்ன ஆகும் என்பதை இந்த அறிவுரை கேட்பதே இல்லை. திறன் பணியாளர் விசாவில் இருக்கிறவருக்கு வேலை போனால் புதிய ஸ்பான்சரைப் பிடிக்க வழக்கமாக அறுபது நாள்தான். 2024 ஏப்ரலில் 38,700 பவுண்டாக உயர்த்திய இந்த விசாவின் பொதுச் சம்பள வரம்பை 2025 ஜூலையில் 41,700 ஆக்கினார்கள். லண்டனுக்கும் சண்டர்லாந்துக்கும் அதே வரம்பு. லண்டனில் நடுத்தர ஊழியரே அதைத் தாண்டிவிடுகிறார், வடகிழக்கில் நடுத்தர ஊழியரால் அதை எட்டவே முடியாது. என்.எச்.எஸ். வேலைக்குத் தனி விசா, தனி வரம்பு. மற்ற பெரும்பாலான துறைக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. பிரிட்டிஷ் குடிமகனாக ஆனபின் கணவனையோ மனைவியையோ வரவழைக்கக் காட்ட வேண்டிய வருமானமும் அப்படித்தான்: 29,000 பவுண்டு, எந்த ஊரானாலும். மலிவான ஊருக்கு மலிவான வரம்பு என்று உள்துறை அமைச்சகம் சலுகை தருவதில்லை. ஆக, சந்தைச் சம்பளத்தில் இருக்கிறவருக்கு அறிவுரையின் இரண்டாம் பாதி பொய்.

4. அந்தப் 'பத்து வருடம்' எந்த நாட்காட்டியில் இருக்கிறது?

திட்டத்தின் உயிர்நாடியே சேமிப்பு. லண்டனில் வாடகை கொடுத்துக்கொண்டே சேமிக்கிறவர் யார் என்று பார்த்தால், ஒன்று மிக உயர்ந்த சம்பளக்காரர், அல்லது வாடகை கொடுக்காதவர். வீட்டுச் செலவைக் கழித்துவிட்டு வறுமையை அளந்தால் பல ஆண்டுகளாகவே இங்கிலாந்தில் லண்டன்தான் மேல் வரிசையில் நிற்கிறது. சம்பளம் 50,270 பவுண்டைத் தாண்டியதும் மேற்கொண்டு வரும் ஒவ்வொரு பவுண்டிலும் நாற்பது சதவீதம் வரி. அந்தக் கோடும் இங்கிலாந்து முழுவதற்கும் ஒன்றே, லண்டன்காரர் அதைச் சீக்கிரம் தொட்டுவிடுகிறார். முதல் வீட்டுக்காகச் சேமிப்பவருக்கு அரசே இருபத்தைந்து சதவீதம் கூட்டித் தருகிற 'லைஃப்டைம் ஐசா' கணக்கு ஒன்று உண்டு. வாங்கும் வீட்டின் விலை 450,000 பவுண்டைத் தாண்டினால் அந்தச் சலுகை கைநழுவிவிடும். லண்டனில் சராசரி வீடே அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது.

லண்டனில் முன்பே வீடு வாங்கி, விலை ஏறியபின் விற்று வடக்கே போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அவர்களை உயர்த்தியது உழைத்த சம்பளம் என்பதைவிட வீட்டு விலை ஏற்றம் என்பதே பொருந்தும். தொண்ணூறுகளில் கிடைத்த அந்தச் சீட்டு இன்று வந்து இறங்குகிறவருக்குக் கிடையாது. அப்படியே கொஞ்சம் சேர்ந்துவிட்டாலும், பத்து வருடத்தில் மூத்த பிள்ளை நடுநிலைப் பள்ளிக்குப் போயிருக்கும், மனைவிக்குப் பதவி உயர்வு வந்திருக்கும், நண்பர் வட்டம் உருவாகியிருக்கும். அந்த வயதில் வடக்கே பெயர்வது ஊர் மாற்றமா? இரண்டாவது புலம்பெயர்வு.

இப்போது புதிதாக ஒரு சமாதானம் சொல்கிறார்கள்: வீட்டிலிருந்தே வேலை. லண்டன் சம்பளத்தை மான்செஸ்டரில் உட்கார்ந்து வாங்கலாமாம். முழுக்க வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை அமைந்தவருக்குச் சரி. ஆனால் பல நிறுவனங்கள் வாரத்தில் இரண்டு, மூன்று நாள் அலுவலகத்துக்கு வரச் சொல்கின்றன. மான்செஸ்டர் பிக்கடிலியிலிருந்து லண்டன் யூஸ்டனுக்கு இரண்டேகால் மணி நேரப் பயணம். காலை நெரிசல் நேரத்தில் போய்வர, எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற டிக்கெட்டுக்கு 350 பவுண்டுக்கு மேல். முன்கூட்டியே வாங்கினால் குறையும். மேலாளர் நாளைக்குக் கூட்டம் என்று அழைத்தால் குறையாது. மாதம் நான்கு முறை அப்படிப் போனால் 1,400 பவுண்டு. லண்டனுக்கும் வடமேற்குக்கும் உள்ள சராசரி வாடகை இடைவெளியை அந்த நான்கு டிக்கெட் தின்றுவிடுகிறது. வாரத்துக்கு நாலரை மணி நேரம் ரயிலில் போவது தனி.

5. வரைபடத்தில் கோடு போட்டது யார்?

செவர்ன் கழிமுகத்திலிருந்து ஹம்பர் வரை குறுக்கே ஒரு கோடு இழுத்து, மேலே வடக்கு, கீழே தெற்கு என்று புவியியலாளர் டேனி டார்லிங் பிரித்துக் காட்டினார். சராசரிகளைப் பேச அந்தக் கோடு பயன்படும், வீடு தேட உதவாது. இங்கிலாந்தின் வறுமைப் பட்டியலில் 2010, 2015, 2019 ஆகிய மூன்று முறையும் முதலிடம் பிடித்த ஜேவிக், எசெக்ஸ் கடற்கரையில், லண்டனிலிருந்து நூறு கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில் பின்தங்கிய பகுதி என்று உதவி வாங்கிய கார்ன்வால், வரைபடத்தின் தெற்குக் கோடி. கால்பந்து வீரர்கள் குடியிருக்கிற ஆல்டர்லி எட்ஜும், யார்க்‌ஷயரின் ஹாரோகேட்டும் வடக்கு. ஆண்களின் ஆயுள் இங்கிலாந்திலேயே மிகக் குறைவாக உள்ள பிளாக்பூலும் வடக்குதான். வடக்கின் உடல்நலச் சராசரி தெற்கைவிடத் தாழ்ந்தது என்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. மூடிய ஆலையும் ஈரச் சுவர் வீடும் அதன் பெரும் பகுதியைச் சுமக்கின்றன. நீங்கள் குடியேறப்போவது ஒரு தெருவில். அந்தத் தெருவின் பள்ளி, மருத்துவர், பேருந்து பற்றி விசாரிக்காமல் அட்சரேகையைப் பற்றி விசாரிப்பது வீண் வேலை.

வடக்கென்றால் மழையும் இருட்டும் என்கிற வானிலை வாதம் ஒரு பத்திக்குக்கூடத் தாங்காது. மழை இங்கிலாந்தில் மேற்கிலிருந்து வருகிறது, வடக்கிலிருந்து வருவதில்லை. மான்செஸ்டரில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல். அதற்கும் வடக்கே, பென்னைனின் மழை மறைவில் இருக்கிற நியூகாசிலில் 700க்குள். தெற்குக் கோடியின் பிளிமத்தில் ஏறக்குறைய 1,000. டிசம்பரில் நியூகாசிலின் பகல் லண்டனைவிட அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் குறையும். ஜூனில் அதை வட்டியோடு திருப்பித் தந்துவிடும்.

6. இந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பது யார்?

தனி மனிதரின் தப்புக் கணக்கோடு இது நின்றுவிடுவதில்லை. வேலை தெற்கில், வீடு வடக்கில் என்று ஒரு நாடே நம்பினால், அரசும் அப்படியே பணத்தைப் பங்கிடுகிறது. லீட்ஸுக்குத் திட்டமிட்ட டிராமை 2005இல் செலவைக் காட்டிக் கைவிட்டார்கள். லண்டனின் எலிசபெத் பாதை சுமார் 19 பில்லியன் பவுண்டு செலவில், நாள் தள்ளித் தள்ளிப் போயும், 2022 மே மாதம் ஓடத் தொடங்கிவிட்டது. பர்மிங்காமிலிருந்து மான்செஸ்டருக்கு வர வேண்டிய அதிவேக ரயில் பாதையை 2023 அக்டோபர் 4 அன்று பிரதமர் ரிஷி சுனக் ரத்து செய்தார். அதை அவர் அறிவித்த இடம் மான்செஸ்டரிலேயே ஒரு மாநாட்டு அரங்கம். 1969இல் மூடிய மான்செஸ்டர் சென்ட்ரல் ரயில் நிலையத்தைத்தான் பிற்பாடு அந்த அரங்கமாக மாற்றியிருந்தார்கள். பழைய ரயில் நிலையத்தின் இரும்பு வளைவுக்குக் கீழே நின்றுகொண்டு, அந்த ஊருக்குப் புது ரயில் கிடையாது என்று சொல்ல முடிந்தது.

வடக்கால் வேலை தர முடியாது என்பதற்கு மறுப்பும் கண் முன்னே இருக்கிறது. சண்டர்லாந்தில் நிசான் 1986இல் ஆலை தொடங்கியது, பிரிட்டனின் மிகப் பெரிய கார் ஆலையாக வளர்ந்தது. பி.பி.சி. தன் துறைகள் பலவற்றை 2011 முதல் சால்ஃபர்டுக்குக் கொண்டுபோனது. நிதி அமைச்சகமே டார்லிங்டனில் அலுவலகம் திறந்தது. கிராஃபீனைப் பிரித்தெடுத்தது 2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில். வேலையைக் கொண்டுபோன இந்த இடங்களில் வேலை நிலைத்தது. 'வாழ மட்டும் வடக்கு' என்கிறவர், ஓய்வு பெற்றவர்களின் தோட்டமாக அந்தப் பகுதியைச் சுருக்குகிறார். அங்கே பிறந்த இருபது வயதுக்காரர் லண்டனுக்கு ரயில் ஏற வேண்டியதுதான் என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்.

அப்படியானால் எங்கே போவது?

திசையைப் பார்க்காதீர்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். என் சம்பளத்தை முடிவு செய்வது பொது அட்டவணையா, ஊர்ச் சந்தையா? வீட்டில் இரண்டாவது நபருக்கு அதே ஊரில் வேலை உண்டா? நாளைக்கே வேலை போனால், வீடு மாற்றாமல் தட்டுவதற்கு எத்தனை கதவு இருக்கிறது?

செவிலியரும் மருத்துவரும் ஆசிரியரும் முதல் கேள்வியிலேயே பதில் கண்டுவிடலாம். துணைக்கும் அங்கே வேலை அமையுமானால், வடக்கின் ஒரு பெரிய மருத்துவமனை நகரத்துக்கு முதல் நாளே போய்விடுங்கள். லண்டனில் 'சம்பாதிக்கும்' பத்து வருடம் உங்களுக்கு இல்லை, வீட்டுக்காரருக்குத்தான் உண்டு. நிதி, சட்டம், விளம்பரம், தலைமையக வேலை என்று இருப்பவர்கள் லண்டனுக்குப் போங்கள். அங்கேயே வாழ்வது என்று முடிவெடுத்துப் போங்கள். சின்ன வீடு, கார் இல்லாத குடும்பம், பக்கத்தில் நூலகமும் கோயிலும் என்று அந்த ஊரின் கணக்கிலேயே வாழ்க்கையை அமையுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மென்பொருள்காரரும் பொறியாளரும், துணையின் வேலையையும் சேர்த்துப் பார்த்து, மான்செஸ்டர், லீட்ஸ் போன்ற ஒரு நகரத்தைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள்.

வேலையை ஓர் ஊரிலும் வாழ்க்கையைப் பத்து வருடம் தள்ளி இன்னோர் ஊரிலும் வைத்துப் போட்ட திட்டத்தில், அந்தப் பத்து வருடத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அதுவும் வாழ்க்கைதான். பெரும்பாலானவர்களுக்கு உடம்பும் தெம்பும் உள்ள பகுதி அதுவே. எதிர்காலத் தோட்டம் ஒன்றுக்காக அதை வாடகைக்கு விடச் சொல்கிற எவருடைய அறிவுரையையும் கேட்காதீர்கள்.